ரீப்பர் 6இலிருந்து 7க்கு: மூன்று வாரம் சோதித்த பிறகு மாறினேன்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றே முக்காலுக்கு, ஒலியளவு காட்டும் மாஸ்டர் மீட்டர் அசையாமல் நின்றது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கர்சர் நகர்கிறது, ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. மூன்று வாரமாக நான் காத்திருந்தது அந்த அமைதிக்குத்தான். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் 6ஆம் பதிப்பில் ரெண்டர் செய்த (முடித்து ஒரே ஒலிக் கோப்பாக எடுத்த) பாட்டும், 7இல் ரெண்டர் செய்த அதே பாட்டும், ஒன்றைத் தலைகீழாக்கிச் சேர்த்து ஓட்டியபோது ஒன்றையொன்று மிச்சமில்லாமல் அழித்துவிட்டன. அதைப் பார்த்த பிறகுதான் பணம் கட்டினேன். அதுவரை நடந்ததை, தப்பு செய்த இடங்களையும் சேர்த்து, வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நாகர்கோவில் பக்கம் வீட்டு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று வைத்திருக்கிறேன். கோயில் கொடைக்குப் பாட்டு, பள்ளி ஆண்டு விழாப் பாட்டு, இவற்றோடு வில்லுப்பாட்டுக் குழுக்களின் பதிவும் செய்கிறேன். ஐ5 கணினி, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 10, ஒரே நேரத்தில் எட்டு மைக் எடுக்கிற இன்டர்ஃபேஸ். மென்பொருள் ரீப்பர் 6.83.

ரீப்பர் உரிமத்தை 2017இல் வாங்கினேன். அப்போது ஓடிக்கொண்டிருந்தது 5ஆம் பதிப்பு. 60 டாலர், அன்றைய மதிப்பில் 3,900 ரூபாய் ஆனது. இதில் ஒரு தடவை வாங்கினால் அடுத்த பதிப்புக்கும் அதே உரிமம் செல்லும். எனக்கு 6.99 வரை செல்லும் என்று கணக்கு. 2023 அக்டோபரில் 7 வந்தது. அதற்கு மறுபடி 60 டாலர் கட்ட வேண்டும். சொந்த உபயோகத்துக்கும், வருஷத்துக்கு 20,000 டாலருக்குள் வரவு உள்ள சிறு தொழிலுக்கும் அந்த விலை. அதற்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு 225 டாலர். என் வரவுக்கு 60 டாலர் உரிமமே போதும்.

தொகை பெரிதில்லை. ஆனாலும் இரண்டு வருஷத்துக்கு மேல் 7இன் பக்கமே போகவில்லை. காரணம் 2021இல் நடந்த ஒரு சம்பவம். ஒரு பாட்டை மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் நான் வைத்திருந்த ஒரு சாம்ப்ளர் ப்ளக்-இன் (பதிவு செய்து வைத்த வாத்திய ஒலிகளை வாசிக்கிற துணை மென்பொருள்) அப்டேட் கேட்டது, கொடுத்துவிட்டேன். திறந்து பார்த்தால் தாளவாத்திய ஒலிகள் இருந்த இடமே அதற்குத் தெரியவில்லை. பதினான்கு ட்ராக் (ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தனி வரிசை) ஊமையாகிவிட்டது. 38 ஜிபி ஒலித் தொகுப்பை மொபைல் டேட்டாவில் திரும்ப இறக்கி முடிக்க விடியற்காலை நாலு மணி ஆயிற்று. வாடிக்கையாளர் ஆறு மணிக்கே வாசலில் வந்து நின்றார். கையில் வேலை இருக்கும்போது எதையும் மாற்றுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சிக்கல் என்னவென்றால், கையில் வேலை இல்லாத நாள் என்று ஒன்று வருவதே இல்லை.

இந்தத் தடவை இறங்க வைத்தது ஒரு வில்லுப்பாட்டுப் பதிவு. முதன்மைப் பாடகரான அண்ணாவி, பின்பாட்டுக்காரர், உடுக்கை, குடம், தாளம், வில் என்று ஆறு மைக். எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து உட்கார்ந்துதான் பாடுவார்கள். தனித்தனியாக எடுத்தால் அந்தப் பாட்டுக்கு உயிரே இருக்காது. கொடைக்குப் பாடுகிற கதையில் 22 நிமிஷப் பகுதி ஒன்றை ஐந்து தடவை, அதாவது ஐந்து டேக், எடுத்தோம். ஒன்றில் உடுக்கை அருமையாக விழுந்திருக்கும். இன்னொன்றில் அண்ணாவி குரல் திறந்திருக்கும். நல்ல இடங்களைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். ரீப்பர் 6இல் ஆறு ட்ராக்கையும் ஒவ்வொரு இடத்திலும் வெட்டி, டேக் மாற்றி, வெட்டை நகர்த்தி, முதல் எட்டு நிமிஷத்துக்கே 2 மணி 40 நிமிஷம் ஆனது. 7இல் ட்ராக்குக்குள்ளேயே லேன் லேனாக (ஒன்றன்கீழ் ஒன்றாகக் கீற்றுகளாக) டேக்குகளைப் பிரித்து வைத்து, வேண்டிய துண்டின் மேல் மவுஸை இழுத்தாலே போதும் என்று படித்திருந்தேன். புது வசதிகள் என்று நீளப் பட்டியல் இருந்தது. என் கண்ணுக்குப் பட்டது இந்த ஒன்றுதான்.

முதல் வேலை, காப்பு. ப்ராஜெக்ட் கோப்புறைகள் மொத்தம் 143, அளவு 212 ஜிபி. 1 டிபி வெளி டிஸ்க்கில் நகல் எடுக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ரீப்பரின் அமைப்புகளைத் தனியாக ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளலாம். ப்ரிஃபரன்சஸில் முதல் பக்கத்திலேயே அதற்கான பட்டன் இருக்கிறது. ஒன்பது வருஷத்தில் சேர்த்த ஷார்ட்கட், மெனு, டூல்பார் எல்லாம் அதில் வந்துவிடும். அதையும் எடுத்து டிஸ்க்கில் போட்டேன்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அதையும் சேர்த்தே மாற்றிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இரண்டையும் ஒன்றாக மாற்றினால், ஏதாவது கெட்டால் எது கெடுத்தது என்று தெரியாது. விண்டோஸை அப்படியே விட்டேன்.

அடுத்தது நிறுவுதல். முதல் தப்பு இங்கேதான். ரீப்பர் இன்ஸ்டாலர் மிகச் சிறியது, 20 எம்பிகூடக் கிடையாது. நிறுவும்போது ‘போர்ட்டபிள்’ என்று ஒரு கட்டம் வரும். அதை டிக் செய்தால், நாம் காட்டுகிற கோப்புறைக்குள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும்; இருக்கிற பழைய பதிப்பைத் தொடாது. அந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் அடுத்து, அடுத்து என்று அழுத்திவிட்டேன். 6 இருந்த இடத்தில் 7 உட்கார்ந்துவிட்டது. மேசை மேல் பாதி முடிந்த வேலை இருக்கும்போது திரையில் வேறு நிறத்தில் ரீப்பர் திறந்தால் வயிற்றைப் புரட்டுகிறது. நல்லவேளை, 6.83 இன்ஸ்டாலர் டிஸ்க்கில் இருந்தது. திரும்ப நிறுவ நாலு நிமிஷம். அமைப்புகள் அப்படியே இருந்தன. பழைய இன்ஸ்டாலரை எப்போதும் அழிக்காதீர்கள்.

இரண்டாம் தடவை டி டிரைவில் ‘ரீப்பர்7’ என்று கோப்புறை போட்டு, போர்ட்டபிளாகவே நிறுவினேன். என் பழைய உரிமம் இதற்குச் செல்லாது என்றாலும் 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம். இப்போது 6 ஒரு பக்கம், 7 ஒரு பக்கம்.

ஒரு எச்சரிக்கை: 7இல் திறக்கிற ப்ராஜெக்ட்டை அதே பெயரில் சேமிக்காதீர்கள். நான் ஒவ்வொன்றையும் ‘_7சோதனை’ என்று பெயர் சேர்த்துத் தனிக் கோப்பாகச் சேமித்தேன். ரீப்பரின் ப்ராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறக்கலாம். முதல் வரியிலேயே எந்தப் பதிப்பில் கடைசியாகச் சேமித்தது என்று எழுதியிருக்கும். எது எதில் சேமித்தது என்று குழம்பியபோதெல்லாம் அந்த முதல் வரியைத்தான் பார்த்தேன்.

முதலில் திறந்த பாட்டிலேயே ஒன்பது ப்ளக்-இன் காணவில்லை என்றது. 7இல் இவை ஓடாது போலிருக்கிறது என்று நினைத்து ஒரு ராத்திரி பூராவும் மாற்று தேடினேன். மறுநாள் காலையில்தான் பொறி தட்டியது: போர்ட்டபிள் நிறுவல் என்றால் ப்ளக்-இன் இருக்கும் பாதைகளையும் அதற்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். பாதைகளைச் சேர்த்து மறுபடி ஸ்கேன் செய்தேன், எட்டு வந்துவிட்டது. ஏற்றுமதி செய்து வைத்த அமைப்புக் கோப்பை முதலிலேயே இறக்குமதி செய்திருந்தால் அந்த ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

ஒன்பதாவது ஒரு தம்புரா ப்ளக்-இன். பழைய 32 பிட் வகை, செய்தவர் நிறுத்தி வருஷக்கணக்காகிறது. அது வேறொரு கோப்புறையில், 32 பிட் மென்பொருள்களோடு கிடந்தது. அந்தப் பாதையையும் சேர்த்ததும் 32 பிட் ப்ளக்-இன்களை ஓட்டுவதற்கென்று உள்ள தன் பாலம் வழியாக 7 அதை ஓட்டியது. சுருதி மாறவில்லை. எனக்குப் பெரிய நிம்மதி. பதினொரு பாட்டில் அந்தத் தம்புராதான் அடிநாதம்.

இனி முக்கியமான கட்டம். 7 என் பழைய பாட்டை அப்படியே வாசிக்கிறதா? காதால் கேட்டுச் சொல்ல முடியாது. இரவு பத்து மணிக்குக் காது எதை வேண்டுமானாலும் சொல்லும். அதனால் ‘நல் டெஸ்ட்’ (null test, இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று அழிக்கின்றனவா என்ற சோதனை) செய்தேன். ஒரே பாட்டை இரண்டு பதிப்பிலும் ரெண்டர் செய்து, இரண்டு வேவ் கோப்பையும் ஒரு காலி ப்ராஜெக்ட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக, தொடக்கம் ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். ஒரு ட்ராக்கின் ஃபேஸ் பட்டனைத் தட்டி அதன் ஒலி அலையைத் தலைகீழாக்கி, இரண்டு ஃபேடரையும் (ஒலியளவுக் கட்டை) பூஜ்யத்தில் வைத்து ஓட்ட வேண்டும். இரண்டும் ஒன்றே என்றால் சத்தமே வராது. வித்தியாசம் எங்கிருக்கிறதோ அது மட்டும் கேட்கும்.

முதலில் பள்ளிப் பாட்டு ஒன்றை எடுத்தேன். ஓட்டினால் தாளம் முழுக்கக் கேட்கிறது. லேசாக இல்லை, மீட்டரில் மைனஸ் 14 டெசிபெல். 7 தாளத்தை மாற்றிவிடுகிறது என்றே முடிவு கட்டினேன். அமைப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு இரண்டு நாள் போயிற்று. பேன் லா, சாம்பிள் ரேட், ரெண்டர் தரம் எல்லாம் ஒன்றுதான். மூன்றாம் நாள் ஒரு சின்ன காரியம் செய்தேன். 6இலேயே அந்தப் பாட்டை இரண்டு தடவை ரெண்டர் செய்து, 6ஐ 6ஓடு மோதவிட்டேன். அங்கேயும் அதே தாளம், அதே அளவில் கேட்டது!

சாம்ப்ளர் செய்த வேலை அது. ஒவ்வொரு அடிக்கும் அதன் கைவசம் நாலைந்து பதிவு இருக்கும். ஒன்றையே திரும்பத் திரும்ப வாசித்தால் இயந்திரம் போல இருக்கும் என்பதற்காக மாற்றி மாற்றி எடுக்கும். ரெண்டர் செய்கிற ஒவ்வொரு தடவையும் பாட்டு கொஞ்சம் வேறு. இத்தனை வருஷம் இது தெரியாமலே வேலை செய்திருக்கிறேன். சாம்ப்ளர் ட்ராக்குகளை 6இல் ஃப்ரீஸ் செய்து ஆடியோவாக்கிக்கொண்டு, அதிலிருந்து இரண்டு பதிப்பிலும் ரெண்டர் எடுத்தேன். தாளம் மறைந்தது.

இரண்டாவது பாட்டு பக்திப் பாட்டு, 62 ட்ராக். இதில் வேறு பிரச்சினை. ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் மீட்டர் மைனஸ் 80க்கு அருகே நடுங்கிக்கொண்டே இருந்தது. ஹெட்ஃபோனில் ஒலியை முழுக்கக் கூட்டினால் மெல்லிய ‘ஸ்ஸ்’. 16 பிட்டில் ரெண்டர் செய்தபோது டிதர் கட்டம் டிக்கில் இருந்திருக்கிறது. டிதர் என்பது வேண்டுமென்றே சேர்க்கிற நுண்ணிய இரைச்சல். தடவைக்குத் தடவை மாறும். டிக்கை எடுத்துவிட்டு, நுணுக்கம் கூடிய 32 பிட் ஃப்ளோட் வடிவத்தில் ரெண்டர் எடுத்ததும் நடுக்கம் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு ரிவர்பின் (எதிரொலி சேர்க்கிற ப்ளக்-இன்) வால் மட்டும். அந்த ரிவர்ப் உள்ளுக்குள் தானாக அசைந்துகொண்டே இருக்கிற வகை. அதை அணைத்துவிட்டு ரெண்டர் எடுத்தேன். இந்தத் தடவை முழு அமைதி.

மூன்றாவது அந்த வில்லுப்பாட்டு. எல்லாமே நேரடிப் பதிவு, சாம்ப்ளர் கிடையாது, தொனியைத் திருத்துகிற ஈக்யூவும் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துகிற கம்ப்ரசரும் மட்டும். முதல் தடவையிலேயே மீட்டர் அசையவில்லை. ஆரம்பத்தில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை இரவு அதுதான். இந்தப் பாட்டை முதலில் எடுத்திருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

கணினிச் சுமையையும் அளந்தேன். 48,000 சாம்பிள் ரேட், பஃபர் (கணினி ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டின் அளவு) 256, அதே 62 ட்ராக் பாட்டு: 6இல் 41 சதவீதம், 7இல் 42. பஃபரை 128க்குக் குறைத்தபோது இரண்டிலும் ஒரே இடத்தில், இரண்டாம் சரணத்தில், சத்தம் அறுந்து அறுந்து வந்தது. இந்த விஷயத்தில் லாபமுமில்லை, நஷ்டமுமில்லை.

எதற்காக இவ்வளவும் செய்தேனோ அந்த லேன் வேலைக்கு வருகிறேன். ஐந்து டேக்கையும் 7இல் லேன்களாக விரித்தேன். ட்ராக் உயரத்தைக் கூட்டினால் ஐந்தும் வரிசையாக, கீற்று கீற்றாகத் தெரிகின்றன. மூன்றாவது டேக்கில் ஒரு வரியின் மேல் மவுஸை இழுத்தேன், அந்தத் துண்டு மேலே தேர்ந்தெடுத்த வரிசையில் போய் உட்கார்ந்தது. ஓட்டினால் அண்ணாவி குரலுக்குப் பின்னால் இன்னொரு அண்ணாவி, கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல. குரல் ட்ராக் மட்டும் மூன்றாவது டேக்குக்கு மாறியிருக்கிறது. மற்ற ஐந்து மைக்கும் இன்னும் முதல் டேக்கில் நிற்கின்றன. ஒரே அறையில் பாடியதால் உடுக்கை மைக்கிலும் குடம் மைக்கிலும் அவர் குரல் விழுந்திருக்கும். ஆறு ட்ராக்கையும் முதலில் குழுவாக்கி, வெட்டு வேலை எல்லாவற்றிலும் சேர்ந்து நடக்கும்படி அமைத்திருக்க வேண்டும். அன்டூ செய்து, குழுவாக்கி, திரும்ப இழுத்தேன். ஆறும் ஒன்றாக மாறின.

வெட்டும் இடம் பற்றி ஒரு சொல். வில்லில் கட்டிய வெண்கல மணிகள் வீசுகோல் அடித்த பிறகும் ஒன்றரை வினாடி முனகிக்கொண்டே இருக்கும். அந்த முனகலின் நடுவில் வெட்டினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். வரிக்கும் வரிக்கும் நடுவில் அண்ணாவி மூச்செடுக்கிற இடம் அமைதியாகத் தெரியும். அங்கே வெட்டத்தான் கை போகும். எனக்கும் போயிற்று. ஆனால் அங்கேதான் மணி தெளிவாகக் கேட்கிறது. சரியான இடம் அதற்குப் பின்னால்: அடுத்த வீசுகோல் அடி விழுவதற்குப் 10 மில்லிவினாடி முன்னால், 12 மில்லிவினாடி க்ராஸ்ஃபேடோடு (பழையது தேயத் தேயப் புதியது ஏறும் இணைப்பு). பழைய மணியின் வாலைப் புது அடி மூடிவிடுகிறது. இதைப் பிடித்த பிறகு வேலை ஓட ஆரம்பித்தது. 6இல் 2 மணி 40 நிமிஷம் எடுத்த அதே எட்டு நிமிஷப் பகுதியை 7இல் முதலிலிருந்து செய்தேன், 55 நிமிஷம். முன்பு செய்த பழக்கமும் அதில் கொஞ்சம் உண்டுதான். அதையறிந்துதான் தொடாத மீதி 14 நிமிஷத்தையும் செய்து பார்த்தேன். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

வாங்கும்போது முதல் தடவை கார்டு நிராகரிக்கப்பட்டது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருந்தது. வங்கி ஆப்பில் அதை இயக்கிவிட்டு மறுபடி கட்டினேன். 60 டாலருக்கு ரூபாய் மாற்று, கார்டு கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 5,498 ரூபாய். இந்த உரிமம் 8.99 வரை செல்லும். வெளி டிஸ்க் ஏற்கெனவே இருந்தது. மற்றபடி செலவு என்றால் மூன்று வாரத்தில் பதினோரு இரவு, அதில் நாலு இரவு மேலே சொன்ன தப்புகளுக்கே போயிற்று.

அடுத்த பெரிய பதிப்பு வரும்போது இதே வேலையை இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடலாம் என்று நம்புகிறேன். புதுப் பதிப்பைத் தொடும் முன்பே பழையதைப் பழையதோடு மோதவிட்டு, எந்தப் பாட்டு தானாகவே மாறுகிறது என்று குறித்து வைத்துக்கொள்வேன். நேரடிப் பதிவு மட்டும் உள்ள பாட்டைத்தான் முதலில் எடுப்பேன். ரெண்டர் எப்போதும் 32 பிட் ஃப்ளோட், டிதர் இல்லாமல். தம்புராவைப் பொறுத்தவரை காத்திருக்கவே போவதில்லை: பதினொரு பாட்டிலிருந்தும் அந்த ட்ராக்கை 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து அந்தந்தக் கோப்புறையிலேயே வைத்துவருகிறேன். ஆறு முடிந்தது, ஐந்து பாக்கி. 6.83ஐ அழிக்கவில்லை. 2023க்கு முந்தைய பாட்டுகளில் யாராவது திருத்தம் கேட்டால் அதில்தான் திறப்பேன்.

புதன்கிழமை அண்ணாவியை வரச்சொல்லி முழுப் பகுதியையும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் முழங்காலில் தாளம் போட்டபடி கேட்டார். 22 நிமிஷமும் எந்த வெட்டையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. முடிந்ததும், “மக்கா, அந்த ஆறாவது நிமிஷத்துல ஒரு வரி வருதுல்லா, அது நான் முதல்ல பாடுனதுதாம்டே நல்லா இருந்துது. அதுல மணி சரியா விழுந்துச்சுல்லா” என்றார்.

“அதுல சொல்லு ஒண்ணு மாறிப்போச்சே, அண்ணாவி.”

“மாறுனா மாறட்டும். எடுத்துப் போட முடியுமா?”

முதல் லேனில் அந்த வரியைத் தேடி, வீசுகோல் விழும் இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து இழுத்தேன். ஆறு ட்ராக்கும் சேர்ந்து மாறின. பத்து வினாடி ஆகியிருக்கும். திரும்ப ஓட்டினேன். மணி விழுந்ததும் அவர் விரல் முழங்காலில் நின்றது.

“இதுதாம்டே. இத மாத்திராத.”